குற்ற வழக்கு உள்ளவர்களுக்கான அகதிச் சட்ட ஆலோசனை: தம்பியோடு போய்வந்த அனுபவம்

தஞ்சம் கேட்கிற ஒருவருக்குப் பழைய தண்டனையோ ஆயுத இயக்கத்தோடு தொடர்போ இருந்தால், அப்படியான கேஸ்களை மட்டும் பார்க்கிற இலவச சட்ட ஆலோசனைச் சேவை ஒன்றுக்கு என் தம்பியைக் கூட்டிப்போனேன். 5-க்கு 4 கொடுப்பேன். தம்பியின் முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே வென்று தந்தார்களா என்பதை வைத்து நான் இதை எழுதவில்லை, அவர்கள் வேலை செய்கிற விதத்தை வைத்து எழுதுகிறேன்.

தம்பி 17 வயதில் இயக்கத்தின் வாகனம் திருத்தும் பகுதியில் இருந்தவன். பல வருடம் கழித்து ஒரு அடிதடியில் ஒருவரின் கை முறிந்து, அதற்காகச் சிறையும் போய்வந்தான். முன்பு காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்ன ஒருவர், "இரண்டைப் பற்றியும் வாயே திறக்காதீங்கோ" என்றார். எவ்வளவு பொல்லாத புத்தி அது! மறைத்தது பிறகு வெளியே வந்தால் மற்ற எல்லாப் பேச்சிலும் நம்பிக்கை போய்விடும். கிடைத்த அகதி அந்தஸ்தையே பின்னாளில் ரத்துச் செய்யவும் அது போதும்.

இங்கே இருந்த சட்டத்தரணி முதலில் 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1-எஃப் பிரிவை எடுத்து விளங்கப்படுத்தினார். மூன்று வகையானவர்களுக்கு அகதிப் பாதுகாப்புக் கிடையாது: போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றைச் செய்தவர்கள், தஞ்சம் கேட்கும் நாட்டுக்குள் வருமுன் வெளியே அரசியல் சாராத பாரதூரமான குற்றம் செய்தவர்கள், ஐ.நா.வின் நோக்கங்களுக்கு எதிராக நடந்தவர்கள். நீதிமன்றத் தண்டனை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செய்திருப்பார் என்று கருதப் பலமான காரணம் இருந்தால் போதும். ஆனால் வெறும் சந்தேகம் போதாது, அந்தக் காரணத்தைக் காட்ட வேண்டியதும் அரசாங்கம்தான்.

இந்தப் பிரிவு தேவையில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. உலகப்போர் முடிந்த கையோடு எழுதப்பட்ட சட்டம் அது. கிராமத்தைக் கொளுத்தியவனும் அந்தக் கிராமத்திலிருந்து தப்பி ஓடியவளும் ஒரே பாதுகாப்பைப் பெறக்கூடாது என்று நானும் முழு மனதோடு நம்புகிறேன். கேள்வி, என் தம்பி அதில் எங்கே நிற்கிறான் என்பதுதான்.

அவருடைய வேலை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். இயக்கத்தில் இருந்தான் என்பதோடு எழுதி முடித்துவிடவில்லை. இயக்கத்தில் இருந்த ஒரு ஈழத்தமிழரின் வழக்கில் 2010-இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், வெறும் உறுப்பினர் என்பது மட்டும் போதாது என்றது. 2013-இல் எசோகோலா வழக்கில் கனடா உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போய், ஒருவர் தன் விருப்பத்தோடு, தெரிந்துகொண்டே, குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்தாரா என்று பார்க்கச் சொன்னது. அமைப்பு எப்படிப்பட்டது, அதில் எந்தப் பகுதி, என்ன வேலை, என்ன பதவி, எவ்வளவு காலம், எப்படிச் சேர்ந்தார், விலக வழி இருந்ததா என்பவற்றையெல்லாம் அந்தத் தீர்ப்பு கவனிக்கச் சொல்கிறது. சட்டத்தரணி இவற்றை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தம்பியைக் கேட்டார். எந்த லொறி? அதில் என்ன ஏற்றினார்கள்? உனக்குத் தெரியுமா? எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் ஏன் நின்றாய்? எனக்கே சொல்லாத பதில்கள் அவனிடம் இருந்தன. ஒரு கட்டத்தில் என்னை வெளியே இருக்கச் சொன்னார். அது சரியான முடிவு, அக்காவின் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. வயதையும் விடவில்லை. சம்பவம் நடந்தபோது சிறுவனாக இருந்திருந்தால் முதிர்ச்சியையும் கட்டாயத்தையும் பார்க்க வேண்டும் என்று ஐ.நா. அகதிகள் முகமையின் 2003 வழிகாட்டுதல் சொல்கிறதாம்.

அடிதடிக் கேஸில் அவர் ஆறுதல் சொல்லவில்லை, அதற்காகவே அவரை நம்பினேன். குற்றம் பாரதூரமானதா என்பதைச் சட்டப்புத்தகத்தில் உள்ள தண்டனைக் காலத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது, முழுச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது நமக்குச் சாதகம். தண்டனையை அனுபவித்து முடித்ததையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது அகதிகள் முகமை. ஆனால் 2014-இல் கனடா உச்ச நீதிமன்றம், பிறகு திருந்தியதைப் பார்க்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. "இரண்டு பக்கமும் இருக்கு. நான் பொய் நம்பிக்கை தரமாட்டன்" என்றார். தஞ்சம் கேட்ட நாட்டுக்குள் வந்தபின் செய்த குற்றம் என்றால் அது வேறு கணக்கு, அகதியைத் திருப்பி அனுப்புவது பற்றிய அதே உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவுக்குப் போகும். தம்பிக்கு அது பொருந்தாததால் அதில் நேரம் செலவழிக்கவில்லை.

1-எஃப் பிரிவின்படி அகதிப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டால் மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்களா என்று நான் கேட்டேன். 1984 சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவில் விதிவிலக்கே இல்லை. என்ன குற்றம் செய்திருந்தாலும், சித்திரவதை நடக்கும் உண்மையான ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரை அனுப்ப முடியாது. ஆனால் அது அகதி அந்தஸ்து ஆகாது, அதோடு வருகிற உரிமைகளும் வராது. அன்றிரவு தூங்கினேன்.

இனி அந்த ஒரு புள்ளியைக் குறைத்த காரணம். முதல் சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். விண்ணப்பத்துக்கு நாள் நெருங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து, தனி வரிசை கட்டாயம் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்தான் வந்தார். செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் லைன் அறுந்து, தம்பி அதையே திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. முடிவில் தந்த கடிதம் முழுக்கச் சட்ட மொழி. ஒரு பக்கத்திலாவது தமிழில் சுருக்கம் தந்தால் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் விளங்கும்.

போகிறவர்கள் நீதிமன்றத் தீர்ப்பின் முழுப் பிரதி, சிறையிலிருந்து விடுதலையான கடிதம், காயம் பற்றிய மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எங்களிடம் பொலிஸ் அறிக்கை மட்டும் இருந்தது, அதில் குற்றச்சாட்டு உண்மையில் நிரூபிக்கப்பட்டதைவிடக் கடுமையாக எழுதப்பட்டிருந்தது. தீர்ப்புப் பிரதியை எடுத்துத் தந்ததும் இவர்கள்தான், அதற்கும் காசு வாங்கவில்லை.