ஃப்ளெக்ஸ்நெட் லைசென்ஸ் சர்வர்: ஆய்வகக் கணினிகளை இணைத்த அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகம் ஒன்றை நான் கவனித்து வருகிறேன். அங்கே 60 கணினிகள் உள்ளன. மேட்லாப் என்னும் கணக்கீட்டு மென்பொருளை ஒரே நேரத்தில் 25 பேர் பயன்படுத்துவதற்கான லைசென்ஸ் உள்ளது. எந்த 25 பேருக்கு இடம் கிடைக்கிறது, யாருடைய இடம் எப்போது திரும்புகிறது என்பதைக் கணக்கு வைப்பது ஃப்ளெக்ஸ்நெட் என்னும் லைசென்ஸ் மேலாளர். 1988இல் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் வெளிவந்த இது, குளோப்டிராட்டர், மேக்ரோவிஷன், ஃப்ளெக்ஸெரா எனக் கைமாறி, 2020 முதல் ரெவெனெரா என்ற பெயரின்கீழ் உள்ளது. லைசென்ஸ்களை வழங்கும் கணினியான சர்வரின் பக்கத்தில் நான் கண்ட அளவில் இது மிகவும் நம்பகமான மென்பொருள். என் மதிப்புரை பெரும்பாலும் கணினிகளை அதனுடன் இணைக்கும் வேலையைப் பற்றியதாகவே இருக்கும், ஏனெனில் நாள்கள் கரைவது அங்கேதான்.

சர்வரில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். எல்எம்ஜிஆர்டி என்னும் முதல் நிரல் வாசல் காப்பவரைப் போன்றது. கணினியின் அழைப்பை வாங்கி, மென்பொருள் நிறுவனத்துக்கே உரிய இரண்டாவது நிரலிடம் அனுப்பிவிடும். மேட்லாபைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது நிரலின் பெயர் எம்எல்எம். லைசென்ஸைக் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும் அதன் பணி. ஆகவே ஒவ்வொரு கணினியும் இரண்டு போர்ட்டுகளை, அதாவது சர்வரில் அந்த நிரல்கள் அழைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாயில்களை, எட்ட வேண்டும். முதல் நிரலின் போர்ட்டை நாம் குறிப்பிடாவிட்டால் 27000 முதல் 27009 வரையுள்ளவற்றில் காலியாக உள்ள ஒன்றை அது எடுத்துக்கொள்ளும். இரண்டாவதற்கு அத்தகைய வரம்பு கிடையாது. லைசென்ஸ் கோப்பில் அதன் வரியில் போர்ட் எண்ணை எழுதாவிட்டால், சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளம் தரும் ஏதோ ஓர் எண்ணில் அது அமர்ந்துவிடும்.

இதை அறியாமல் நான் ஒரு வாரத்தை இழந்தேன். நெட்வொர்க் அழைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் 27000ஐத் திறந்துவிட்டு, அன்று இரண்டாவது நிரல் அமர்ந்திருந்த எண்ணையும் போர்ட் பட்டியலில் பார்த்துத் திறந்து வைத்தேன். எல்லாக் கணினிகளும் இணைந்தன. மின்தடைக்குப் பிறகு சர்வர் மீண்டும் எழுந்த காலையில் ஒரு கணினியும் இணையவில்லை. நிலையை அறிய உதவும் எல்எம்ஸ்டாட் கட்டளை, சர்வர் இயங்குகிறது என்றே காட்டியது. எனவே பிழை கணினிகளில்தான் என்று எண்ணி, அவற்றில் மென்பொருளை நீக்கி மறுபடியும் நிறுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டளையின் வெளியீட்டில் முதல் நிரலின் நிலை ஒரு வரியிலும் இரண்டாவதன் நிலை இன்னொரு வரியிலும் வருகின்றன. நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. பின்னர் எம்எல்எம் வரியில் போர்ட் 27001 என்று எழுதிச் சேமித்து, அதே எண்ணை ஃபயர்வாலிலும் திறந்த நாளிலிருந்து எத்தனை மின்தடை வந்தும் இந்தச் சிக்கல் திரும்பவில்லை.

கணினிப் பக்கத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. இரண்டே வரிகள் கொண்ட ஒரு கோப்பு போதும்: முதல் வரியில் சர்வரின் பெயர், அதன் அடையாள எண், போர்ட், இரண்டாவது வரியில் யூஸ்_சர்வர் என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல்லைக் கண்டதும் கணினி மற்றவற்றைப் படிக்காமல் நேரே சர்வரிடம் போய்விடும். கோப்பு வேண்டாம் என்றால் 27000@சர்வர்பெயர் என்பதைச் சூழல் மாறியில், அதாவது நிரல்கள் படிப்பதற்காக இயங்குதளம் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பில், இடலாம். மென்பொருளுக்கே உரிய சூழல் மாறி முதலில் பார்க்கப்படும், பொதுவான எல்எம்_லைசென்ஸ்_ஃபைல் அதன் பிறகுதான் என்பதை, ஒரே கணினியில் பல பொறியியல் மென்பொருள்களை நிறுவுவோர் மறக்கலாகாது. சர்வரைப் பெயரால் குறிப்பது நல்லது. ஐபி எண்ணால் குறித்தால், அந்த எண் மாறும் நாளில் 60 கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திருத்த நேரிடும்.

இந்த மென்பொருளில் எனக்கு உண்மையாகவே பிடிக்காத ஒன்று உண்டு. ஒருமுறை வெற்றிகரமாக லைசென்ஸ் கிடைத்த முகவரியை அது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். பழைய சர்வரை நிறுத்தி வெகு காலம் ஆன பின்பும் சில கணினிகள் அதையே தேடிக்கொண்டு, மென்பொருள் திறக்கத் தாமதமாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் பதிவை அழித்ததும் எங்கள் கணினிகளில் தாமதம் மறைந்தது. இப்படியொரு பதிவு இருப்பதைப் பயனருக்குக் காட்ட ஒரு சிறு சாளரமாவது இருந்திருக்க வேண்டும்.

பிழை எண்கள், மாறாக, மிகவும் உதவுகின்றன. மாணவர்கள் "சார், லைசென்ஸ் வரல" என்று மட்டும் சொல்வார்கள். அவர்களிடம் எண்ணைக் கேட்டு வாங்குவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். மைனஸ் 4 என்றால் இடங்கள் நிரம்பிவிட்டன, இணைப்பில் குறையில்லை. மைனஸ் 15 என்றால் சர்வரை எட்டவே முடியவில்லை. மைனஸ் 97 என்றால் இரண்டாவது நிரல் ஓடவில்லை. எண்ணின் உதவியால் எந்த அறைக்கு எழுந்து போக வேண்டும் என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இடங்களைப் பகிர்ந்தளிக்கும் ஆப்ஷன்ஸ் கோப்பும் நன்றாக உள்ளது, ஆனால் ரிசர்வ் என்ற வசதியைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கென 5 இடங்களை ஒதுக்கினால், அவர்கள் வராத நாளிலும் அந்த 5 இடங்களை வேறு எவரும் தொட முடியாது. மேக்ஸ் என்பது ஒரு குழு எடுக்கத்தக்க இடங்களுக்கு உச்சவரம்பு மட்டுமே விதிக்கும் என்பதால் வகுப்பறைக்கு அதுவே பொருத்தம். மேட்லாபின் கூடுதல் தொகுப்புகளான டூல்பாக்ஸ்கள் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கிய மாணவர் மேட்லாபை மூடும்வரை அந்த இடம் அவரிடமே இருக்கும் என்பதை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக இதை அமைப்பவர்கள், சர்வரின் பெயர், அதன் அடையாள எண், இரண்டு போர்ட் எண்கள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, நெட்வொர்க் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. அண்மையில் பழுதான 12 கணினிகளுக்கு மாற்றாக வந்தவற்றில் அந்த இரண்டு வரிக் கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தோம். பிற்பகல் வகுப்புக்கு முன்பே அவை அனைத்திலும் மேட்லாப் திறந்துவிட்டது.