ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிய கதை

இந்தத் தடவை ஊர்ப் பயணத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது மூத்தவன் பிறந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமைப் பற்றித்தான்.

மூத்தவன் ஊரில் சிசேரியனில் பிறந்தவன். இரண்டாவது குழந்தை இங்கிலாந்தில் பிறக்கப் போகிறது. இங்கே மிட்வைஃப் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார்: மறுபடி ஆபரேஷனா, சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கிறீர்களா? சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆவதை வீபேக் என்கிறார்கள். என்னிடம் ஒருவர் இதைக் கேட்கிறாரே என்று முதலில் சந்தோஷம். அப்புறம் கத்தையாகத் தாள்களைக் கொடுத்து, "முடிவு உங்களுடையது" என்று அனுப்பியதும் எரிச்சல். நானா டாக்டருக்குப் படித்திருக்கிறேன்? ஊரில் தாளே இல்லாமல் முடிவைச் சொல்லிவிடுவார்கள், இங்கே முடிவைத் தவிர எல்லாவற்றையும் தாளில் தந்துவிடுகிறார்கள்.

தாளில் இருந்த கணக்கு இது. ஒரு முறை சிசேரியன் ஆனவர்கள் முயன்றால் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. அதற்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் 85 முதல் 90 வரை. முயல்பவர்களில் ஏறக்குறைய 200க்கு ஒருவருக்குக் கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிளந்து விட்டுப்போகலாம். டிரிப் ஏற்றி வலியை வரவழைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சரி, மறுபடி ஆபரேஷனே செய்துகொண்டால்? அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் வயிற்றைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிலேயே வேரோடிப் பிரியாமல் போகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது.

இத்தனை கணக்கும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் மட்டும்தான். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் முயற்சியே வேண்டாம் என்பார்கள். வெளியே வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லவும் முடியாது. என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததோ ஒரே வரி: எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., அதாவது கீழ்ப்பகுதியில் வெட்டிய அவசர சிசேரியன். கீழ்ப்பகுதி என்பது மட்டும் அதில் தெரிகிறது. ஏன் செய்தார்கள், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தது, வெட்டு பக்கவாட்டில் கிழிந்ததா, ஒன்றும் இல்லை. இங்குள்ள கன்சல்டன்ட், "ஆபரேஷன் நோட்ஸ் கிடைத்தால் பேசலாம்" என்றார்.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "சம்மரி அன்னிக்கே குடுத்திருப்பாங்களே மேடம்" என்று இன்ஷூரன்ஸ் கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே, கிளெய்ம் இல்லையென்றால் இங்கே ஏன் வந்தீர்கள் என்று ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். ரெக்கார்டு ரூமில் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கும்மா? கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

"இல்ல சார், அடுத்த பிரசவத்துக்கு."

"அடுத்ததும் ஆபரேஷன்தானே? அதுக்கு எதுக்குப் பழைய நோட்ஸ்?"

இதற்கு என்ன பதில் சொல்ல? கன்சல்டன்டும் மிட்வைஃபும் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பேசும் விஷயத்தை மனிதர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

சட்டத்தைப் பார்த்தால் ஊர்தான் வேகம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் இதே வேலைக்குப் பொதுவாக ஒரு மாதம் அவகாசம். மூத்தவனுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீங்க வக்கீலா?" என்றார். அப்புறம் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார். வெட்டியது என் வயிற்றை, ஃபைலில் இருப்பது என் பெயர், கையெழுத்து மட்டும் அவருடையதாம்! அவர் இங்கிலாந்தில் இருக்கிறார் என்றேன். "வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க" என்று பதில். அந்த இடத்தில் நான் போட்ட சத்தம் பக்கத்து வார்டுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டுத்தான் இருக்கிறது. லேபர் வார்டு சிஸ்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அன்று ராத்திரி முழுக்க என் இடுப்பை நீவிவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். "அந்தக் குரல மறக்க முடியுமா? பையன் எப்படி இருக்கான்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, நம்ம பேஷன்ட்தான், எடுத்துக் குடுங்க" என்றார். அதோடு விதி, விண்ணப்பம், கணவர் கையெழுத்து எல்லாம் போயே போச்சு. ஃபைல் வந்துவிட்டது. எனக்கு நிம்மதிதான், ஆனால் அந்த சிஸ்டரைத் தெரியாத பெண் என்ன செய்வாள் என்று நினைத்தால் மறுபடி கோபம் வருகிறது.

நோட்ஸ் நீல மையில், கையால் எழுதியது. வாய் 7 சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது, கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, பக்கவாட்டில் கிழியவில்லை, இரண்டு அடுக்குத் தையல். இத்தனை நாளாக வீட்டில் அம்மாவும் அத்தையும் சொல்லிவந்தது, எனக்கு இடுப்பெலும்பு சின்னது, குழந்தை இறங்க வழியில்லை என்பது. ஃபைலில் இடுப்பெலும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தை இறங்காமல் நின்று ஆபரேஷன் ஆனவர்களைவிட, இதயத்துடிப்பு போன்ற காரணத்தால் ஆனவர்களுக்கு அடுத்த முறை சுகப்பிரசவ வாய்ப்பு கூடுதல். இதயத்துடிப்பு இறங்குவது இந்தப் பிரசவத்திலும் வந்தே தீரும் என்றில்லை.

அங்கேயே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 என்பதைப் படித்திருந்ததால் சண்டைக்குத் தயாராகவே உட்கார்ந்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல கேஸ்தான்மா, ஆனா இங்க நான் பண்ண மாட்டேன்" என்றார். தழும்பு விட்டால் நிமிடங்களில் வயிற்றைத் திறக்க வேண்டும், ராத்திரியில் மயக்க மருந்து டாக்டரை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். "உங்க ஆஸ்பத்திரியில தியேட்டர், ரத்தம், ஆள் எல்லாம் ராத்திரியும் ரெடியா இருக்குமான்னு கேளு. இருந்தா தைரியமா முயற்சி பண்ணு." மிட்வைஃப் தந்த தாள்களிலும் இந்த வசதி தேவை என்று எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் புத்தியில் ஏறியது.

திரும்பியதும் கேட்டேன், இருக்கிறது என்றார்கள். இப்போதைய திட்டம்: தானாக வலி வந்தால் முயற்சி, ஆரம்பத்திலிருந்தே குழந்தையின் இதயத்துடிப்புக்கு மானிட்டர். தேதி தாண்டினால் டிரிப் ஏற்றி வலி வரவழைக்க நான் சம்மதிக்கவில்லை, நேராக ஆபரேஷன்தான். 36 வாரத்தில் இன்னொரு முறை பேசி உறுதி செய்வார்கள்.

அம்மாவுக்கு நோட்ஸைப் படம் எடுத்து அனுப்பி, வரிவரியாகப் படித்தும் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்தியிருப்பாங்கடி, உனக்கு இடுப்பெலும்பு சின்னதுதான்" என்கிறார்.