ஆறு கழுத்துக்குப் பணம் கட்டி ஐந்து கழுத்து வாங்கிய கதை

14,500 ரூபாய் போச்சு. இனி வராது என்று நேற்று ராத்திரிதான் உறுதியானது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதிவரும் நாவலில் கிரேக்கப் புராணத்துக் கடல் அரக்கி ஸ்கில்லா வருகிறாள். ஹோமரின் ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காவியத்தில் அவளுக்குப் பன்னிரண்டு கால், ஆறு நீளக் கழுத்து, ஒவ்வொரு வாயிலும் மூன்று வரிசைப் பல். 'அவளோடு சண்டை போடாதே, கப்பலை விரட்டிக்கொண்டு ஓடு' என்று சூனியக்காரி கிர்க்கே முன்பே சொல்கிறாள். கேட்காமல் காவிய நாயகன் ஒடிசியஸ் கவசம் மாட்டி, இரண்டு ஈட்டியோடு நிற்கிறான். ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆறு பேரைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறாள். காஸ்மிக் ஹாரர் என்கிறோமே, மனுஷனை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஜந்து, அது அங்கேயே இருக்கிறது. புதிதாக இறக்கை, கொடுக்கு எதையும் ஒட்டவே வேண்டாம். அதைத்தான் அட்டைப்படமாகக் கேட்டேன்.

ஓவியர்களைப் பிடித்துத் தரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஒருவர் சிக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஹோமரின் ஸ்கில்லாவா, ஓவிடின் ஸ்கில்லாவா?" ரோமானியக் கவிஞர் ஓவிடின் கதையில் அவள் முதலில் அழகான பெண். கிர்க்கே பொறாமையில் தண்ணீரில் விஷம் கலக்க, இடுப்பைச் சுற்றி நாய்கள் முளைக்கின்றன. இது தெரிந்த ஆள் ஏமாற்றுவாரா? அங்கேயே விழுந்துவிட்டேன். (தேடிப் பார்க்க அரை நிமிஷம் போதும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.) 14,500-ஐயும் ஒரே தவணையில் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மங்கலாக ஒரு சின்னப் படம் வந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் பெரிய கோப்பு வரும், திருத்தம் அப்புறம் பார்க்கலாம் என்றார். சரி என்று அழுத்தினேன்.

திறந்தால், அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் 1928 கதையில் வந்த ராட்சத ஜந்து குதுலு! அதே ஆக்டோபஸ் தலை, அதே இறக்கை, மேலே ஒரு கிரேக்கத் தலைக்கவசம். பின்னால் ஐந்து கழுத்து, அதில் ஒன்று பாய்மரத்துக்குள் கரைகிறது. மாலுமி கையில் ஏழு விரல். ஏஐ-யில் தட்டி எடுத்தது என்று குழந்தைகூடச் சொல்லும்.

கேட்டால், "இந்த வகைத் திகிலில் வடிவக் கணக்கு உதைக்கத்தானே வேண்டும்?" என்று பதில். குதுலு உறங்கும் ரில்யே நகரத்தின் கோணங்கள் யூக்ளிடின் வடிவியலுக்கு அடங்காதவை என்று லவ்கிராஃப்ட் எழுதியது உண்மைதான். அது நகரத்துக்கு, மாலுமியின் விரலுக்கு இல்லை அய்யா!

தளத்துக்கு நான்கு மெயில் போட்டேன். முதலில் 'உங்கள் வருத்தம் புரிகிறது'. பிறகு '48 மணி நேரம் பொறுங்கள்'. மூன்றாவதற்கு மறுபடி அதே வருத்தம். நேற்று, 'பெற்றுக்கொண்டதாக நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது.' 14,500 ரூபாய்!

உருப்படியாகப் பத்து யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. பென்சில் கோட்டுப்படம் பார்க்காமல் முழுப்பணம் கட்டாதீர்கள். லேயர்களோடு, அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகளோடு, மூலக் கோப்பைக் கேளுங்கள். பெரிய படத்தைப் பார்க்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

என் ஐந்து கழுத்துப் படம் இன்று காலை முதல் அந்த ஆளின் பக்கத்தில் 'மாதிரி' என்று முதலில் நிற்கிறது.