ஈ. கோலையா, பிச்சியாவா? புரதம் தயாரிக்க எது தோது?

ஒரு பூஞ்சை நொதியைச் சுத்தமாக, கணிசமான அளவில் தயாரிக்க வேண்டியிருந்தது. ஈ. கோலை பாக்டீரியாவா, பிச்சியா ஈஸ்ட்டா என்று யோசித்துப் பிச்சியாவை எடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வேகத்தில் ஈ. கோலைக்குப் போட்டியே கிடையாது. நல்ல ஊடகத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பிச்சியாவுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் வேண்டும். ஈ. கோலைக்குள் நொதியின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏ) செலுத்தி, செல்கள் வளர்ந்ததும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் ஓரிரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். பிச்சியாவில் மரபணு குரோமோசோமிலேயே போய்ச் சேர வேண்டும். பிறகு பல காலனிகளை வளர்த்து, நன்றாகச் சுரப்பதைப் பொறுக்கியெடுக்க வேண்டும். இழுக்கிற வேலைதான்.

அப்புறம் ஏன் பிச்சியா? செல் வளர்ந்த பிறகு வரும் வேலைக்காக. இந்த நொதியைப் பூஞ்சை தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. அதன் வடிவத்தை டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான இணைப்புகள்) இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஈ. கோலையின் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் உட்பகுதியில், அந்தப் பிணைப்புகள் எளிதில் உருவாவதில்லை. சரியாக மடியாத புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். செல்லை உடைத்து மையவிலக்கியில் சுற்றினால், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் நம் புரதம் தடித்த பட்டையாகத் தெரியும், ஆனால் கரைசலில் அல்ல, அடியில் படிந்த வெள்ளை வண்டலில். அதை 8 மோலார் யூரியாவில் கரைத்து, யூரியாவை மெல்ல மெல்லக் குறைத்து மறுபடி மடிய வைக்க வேண்டும். பாதி வழியில் கலங்கி வீழ்படிவானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு புரதத்துக்குச் சரிப்பட்ட முறை அடுத்ததற்கு உதவும் என்ற உறுதியும் இல்லை.

பிச்சியா புரதத்தைத் தன் சுரப்புப் பாதை வழியே அனுப்பும்போதே பிணைப்புகளைப் போட்டுவிடுகிறது. அது தானாக வெளியே விடும் புரதங்களும் குறைவு. மையவிலக்கியில் சுற்றி, செல்களைக் கொட்டிவிட்டு, மேலே நிற்கும் திரவத்தை ஜெல்லில் ஓட்டினால் நம் பட்டைதான் பிரதானமாக நிற்கும். செறிவாக்கி, புரதத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு பத்தியில் (column) ஏற்றினால் பெரும்பாலும் போதும்.

தொல்லை இல்லாமல் இல்லை. மரபணுவை முடுக்கிவிட தினமும் 0.5 சதவீத அளவுக்கு மெத்தனால் ஊட்ட வேண்டும்; கூடினால் நஞ்சு, தீர்ந்தால் உற்பத்தி நின்றுவிடும். ஈஸ்ட் புரதத்தின் மேல் ஒட்டும் மேனோஸ் சர்க்கரையால் பட்டை இழுபட்டு, கணக்கிட்ட எடைக்கு மேலே தெரியும். நொதியின் வேலை கெடாததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மருந்துப் புரதம் என்றால் அப்படி விட முடியாது. இதெல்லாம் குடுவை அளவு அனுபவம்தான். பெரிய நொதிகலனில் நான் கை வைத்ததில்லை.

என் வாதத்துக்கு எதிரான சாட்சி இன்சுலின். அதில் 3 டைசல்ஃபைடு பிணைப்புகள் உண்டு. ஆனாலும் 1978-ல் ஈ. கோலையில்தான் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளையும் தனித்தனியே செய்து பிறகு இணைத்தார்கள். 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதியும் கிடைத்தது. பல ஆண்டுகள் விற்கப்போகும் ஒரே புரதத்துக்கு அவ்வளவு மெனக்கெடலாம். ஆய்வுக்குச் சில மில்லிகிராம் கேட்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

சிறிய, சர்க்கரை ஒட்டாத, செல்லுக்குள்ளேயே வேலை செய்யும் புரதமா? யோசிக்காமல் ஈ. கோலைக்குப் போங்கள். புரதத்தின் வடிவத்தை அறியும் என்எம்ஆர் ஆய்வுக்கு நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பை ஏற்ற வேண்டுமென்றாலும் அதுவே சுலபம். புரதத்தின் அமினோ அமில வரிசையின் தொடக்கத்தில் சுரப்புக்கான சமிக்ஞைத் துண்டும், உள்ளே டைசல்ஃபைடு பிணைப்பைத் தரும் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் நாலைந்தும் தென்பட்டால் மட்டும், பிளாஸ்மிடுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பிச்சியாவையும் கணக்கில் எடுங்கள்.