நோயாளி விவரம்: தாதியின் கைப்பேசியிலா, சர்வரிலா?

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் தாதிகளின் செயலியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதிவுகளைக் கைப்பேசியிலேயே வைக்கும் செயலி, எல்லாவற்றையும் சர்வரில் வைக்கும் செயலி, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும் கொஞ்ச நாள் நடந்தது. பேத்தியின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் கால் புண் கிடக்கும். அதை விடுங்கள்.

தாதிகளின் ஓட்டு முதலாவதற்குத்தான். இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி லிஃப்டுக்குள் சிக்னல் போய்விடும். "அண்ணே, பாட்டிக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு பார்க்கணும், சுத்திக்கிட்டே இருக்கு" என்று அழைப்பு வரும். பதிவு கையிலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு நாள் ஒரு கைப்பேசி டாக்சியில் போய்விட்டது. அன்றுதான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுசாகப் படித்தேன். 2021 பிப்ரவரி முதல், 500 பேரோ அதற்கு மேலோ சிக்கிய கசிவையும், பெரிய தீங்கு தரக்கூடிய கசிவையும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட கசிவுதான் என்று தெரிந்த பின் மூன்றே நாள், ஞாயிறும் சேர்த்து. எங்களிடம் 40 பேர்தானே என்று மூச்சு விட முடியாது. சில வகை நோய் விவரம் பெயரோடு போனால் ஒருவருடையதே போதும். நல்லவேளை, ஓட்டுநர் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார்.

சர்வர் என்றால், தொலைந்த கைப்பேசியின் நுழைவை அலுவலகத்திலிருந்தே துண்டித்துவிடலாம். ஆனால் போனால் மொத்தமாகப் போகும். 2018-இல், பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினிக்குள் நடந்த ஊடுருவலில் 1.5 மில்லியன் பேரின் விவரம் போனது. அடுத்த ஆண்டு சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி அபராதம், கணினியைப் பராமரித்த நிறுவனத்துக்கு 750,000. வெளியாளிடம் கொடுத்தாலும் பொறுப்பு நம்மை விடாது என்பதை அந்த இரண்டு எண்களில் படித்துக்கொள்ளலாம். சர்வர் வெளிநாட்டில் இருந்தால், இங்குள்ள சட்டத்துக்கு ஈடான பாதுகாப்பு அங்கேயும் இருக்க வேண்டும்.

என் ஓட்டு சர்வருக்கே, ஒரு திருத்தத்தோடு. காலையில் அன்றைய வீடுகளின் பதிவு மட்டும் மறையாக்கத்தோடு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டி, கைப்பேசியில் இறங்கும்; வேலை முடிந்ததும் அழியும். அடையாள அட்டை எண் இறங்கவே இறங்காது. லிஃப்ட் புகார் நின்றது. அப்புறம் வேறொன்று வந்தது: கையுறையோடு விரல்ரேகை விழுவதில்லை. ஆறு இலக்க எண்ணைத் தட்டச் சொல்லியிருக்கிறேன், அதற்கும் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.