விண்டோஸ் அப்டேட்டுக்கு ரூட்டர்ல போர்ட் திறக்கணும்னு யாராச்சும் சொன்னா உஷாருங்க

திருப்பூர்ல நாலு பேர் வேலை பாக்குற சின்ன ஜிஎஸ்டி ஃபைலிங் ஆபீஸ் நம்மளது, நாலும் பழைய மெஷின், 7-ல இருந்து விண்டோஸ் 10-க்கு மாத்துனது. இது போன வருஷம், 10-க்கு சப்போர்ட் முடிஞ்ச 2025 அக்டோபர் 14-க்கு முன்னாடி நடந்தது. திடீர்னு நாலுலயும் அப்டேட் வரல, 8024402சி-ன்னு எரர், ஆனா பிரவுசர்ல எல்லாம் நல்லாத்தான் ஓடுது.

பக்கத்து கடைக்காரர் சொன்னாருன்னு ஒரு சர்வீஸ் பையன கூப்பிட்டேன். வந்து பாத்துட்டு "பழைய மெஷின் சார், அப்டேட்டுக்கு ரூட்டர்ல போர்ட் ஓபன் பண்ணி விடணும், ஒண்ணுக்கு 1,800"ன்னான். போர்ட்னா நெட் போக வர்ற வாசல் மாதிரி. நாலுக்கு 7,200. நானும் தலையாட்டிட்டேன், எரரே வரலேல்ல, சந்தோஷமா ஜிபே பண்ணேன். பில்லுல "நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் 4 நம்பர்" அவ்ளோதான்.

ரெண்டு மாசம் கழிச்சு மச்சான் ஆபீஸுக்கு வந்தான், அவன் ஐடி கம்பெனில நெட்வொர்க் பாக்குறவன். சும்மா அப்டேட் செக் பண்ணா 80070422-ன்னு வருது. அப்டேட் சர்வீஸையே டிசேபிள்ல போட்டு வச்சிருக்கான் அந்த புண்ணியவான், அப்புறம் எங்கிருந்து எரர் வரும்! ஃபயர்வாலும் ஆஃப். இதைவிட பெருசு, ரூட்டர்ல இருந்து 3389-ஐ என் மெஷினுக்கு திருப்பி விட்டிருக்கான், அது வெளிய இருந்தே மெஷினை இயக்குற ரிமோட் டெஸ்க்டாப் போர்ட். மெஷின்ல நடந்ததெல்லாம் பதிவாகுற ஈவன்ட் வியூவரை திறந்து மச்சான் கீழ தள்ளிக்கிட்டே போறான், ஃபெயிலான லாகின், ஃபெயிலான லாகின், ராத்திரி மூணு மணிக்கெல்லாம் எவனோ அட்மினிஸ்ட்ரேட்டர் பேர்ல முட்டிக்கிட்டே இருந்திருக்கான். கிளையன்ட் பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அந்த மெஷின்லதான் இருக்கு, எனக்கு கை நடுங்கிருச்சு.

உண்மையான காரணம் என்னன்னா, முன்னாடி ஒரு மெஷினை ப்ராக்ஸியா, அதாவது எல்லாரோட நெட்டும் அது வழியா போற மாதிரி வச்சிருந்தோம், அதை தூக்கி ஸ்கிராப்ல போட்டாச்சு. பிரவுசர்ல அந்த செட்டிங்கை எடுத்துட்டோம், ஆனா அப்டேட் பாக்குற வின்ஹெச்டிடிபி ப்ராக்ஸி தனி, அதுல அந்த செத்த மெஷினோட பேர் அப்படியே நின்னுடுச்சு. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி"ன்னு அடிச்சா தெரிஞ்சிடும், "ஷோ"வுக்கு பதிலா "ரீசெட்" போட்டா சரியாயிடும். மெஷினுக்கு ஒரு நிமிஷம். அப்டேட்டுக்கு நம்ம மெஷின்ல இருந்து வெளிய போற 80, 443 போதுங்க, வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு எதையும் திறக்கவே வேணாம்.

அந்த பையனுக்கு போன் போட்டா "ரிமோட்ல வந்து பாக்கத்தான் சார் திறந்து வச்சேன்"னு கூசாம சொல்றான். காசைக் கேட்டேன், அப்புறம் போனே எடுக்கல. போர்ட்டை மூடலாம்னு போனா ரூட்டர் பாஸ்வேர்டையும் மாத்தி வச்சிருக்கான். சேஃப்டி பின்னை வச்சு பின்னாடி ஓட்டைல அமுக்கி ரீசெட் பண்ணோம், பிராட்பேண்ட் யூசர்நேமும் சேர்ந்து போயிருச்சு, லைன்மேனைப் பிடிச்சு நெட் வர மத்தியானம் மூணு மணி. அன்னிக்கு தேதி 20, ஜிஎஸ்டி மாச ரிட்டர்னான 3பி ஃபைல் பண்ண கடைசி நாள்.