வாகைக்குளம் டு சென்னை: இண்டிகோவின் சின்ன விமானம்

எனக்கு வேலை சென்னையில், வீடு தூத்துக்குடியில். எங்கள் ஊர் விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஊர், அதுதான் பல வருடப் பழக்கம். போன வருடம் அப்பா நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். அப்போதுதான் இண்டிகோவில் வாரம் ஒருமுறை போய்வர ஆரம்பித்தேன். காலை விமானத்தில் கிளம்பினால் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கலாம். இந்த விமர்சனத்தை அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

இந்த ரூட்டில் நான் போனதெல்லாம் ஏடிஆர், காற்றாடி வைத்த விமானம். மொத்தம் 78 சீட். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு சீட்டே கிடையாது. ஏறுவது வால் பக்கத்துக் கதவு வழியாக. முன்வரிசைகள் காற்றாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் இரைச்சல் அதிகம். தூங்க நினைப்பவர்கள் பின்னால் உட்காருங்கள். நான் எடுப்பது நடு வரிசை ஜன்னல். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. இறங்கும்போது சக்கரம் வெளியே வருவது கண்ணெதிரே தெரியும். ஓடுபாதை மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்த டயர் தரையைத் தொட்ட நொடியில் லேசாகப் புகையைக் கிளப்பிவிட்டுச் சுழல ஆரம்பிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சின்ன விமானம் ஏன் என்றால், வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர்தான். பெரிய ஏர்பஸ் வர வழியில்லை. 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தார்கள், ஓடுபாதையும் இப்போது 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டது.

இண்டிகோ வளர்ந்த கதையைப் படித்தபோது அசந்துபோனேன். ஒரு விமானம்கூடப் பறக்காத 2005-லேயே பாரிஸ் கண்காட்சியில் 100 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முதல் சர்வீஸ் 2006 ஆகஸ்ட் 4, டெல்லியிலிருந்து குவாஹாட்டி வழியாக இம்பால். 2023-இல் அதே பாரிஸில் ஒரே மூச்சில் 500 விமானம். மொத்தமாக வாங்குகிறவனுக்கு விலை குறையும் என்பது நம் மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். இவர்கள் அதற்கு மேலும் ஒன்று செய்தார்கள். குறைந்த விலைக்கு வாங்கிய விமானத்தைக் கைக்கு வந்ததும் குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பணம் முடங்குவதில்லை, விமானமும் பழசாவதில்லை. ரொம்ப வருடம் ஒரே ரக விமானத்தை வைத்திருந்ததால் எந்த பைலட்டும் எந்த விமானத்திலும் ஏறலாம், உதிரிபாகமும் ஒரே மாதிரி. அதே காலத்தில் கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-இல், கோ ஃபர்ஸ்ட் 2023-இல்.

2017 கடைசியில் ஏடிஆர்களை இறக்கிய பிறகுதான் நம் மாதிரி ஊர்களுக்கு அதன் பலன் நன்றாகத் தெரிந்தது. 2023-இல் சேலம் வந்தது. 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே விட்டார்கள். அதைக் கேட்டு நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

சாப்பாடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. கப்பில் வெந்நீர் ஊற்றித் தரும் உப்புமா, காசுக்குத்தான். வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். லக்கேஜ் 15 கிலோ, கையில் 7 கிலோ. கருவாடும் மக்ரூனும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் வீட்டிலேயே எடை போட்டுவிடுவது நல்லது.

அப்புறம் அந்தச் சாய்வுப் பாதை. அம்மாவுக்கு முழங்கால் வலி. டெல்லியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஏர்பஸ்ஸில் திரும்பிய நாள், படியில் எப்படி இறக்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால் படியே இல்லை. வளைந்து வளைந்து இறங்கும் சரிவு. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் தாங்காமல் தானாகவே இறங்கி வந்தார்.

ஆனால் 2025 டிசம்பரை விட்டுவிட்டு இவர்களைப் பற்றி எழுத முடியாது. பைலட்டுகளுக்கு வாரத்தில் 48 மணி நேர ஓய்வு, ராத்திரியில் இறக்குவதற்கு வரம்பு என்ற புது விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. தயாராக நேரம் இருந்தது. இருந்தும் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளம்பியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்ததை டிவியில் பார்த்தேன். கடைசியில் அரசு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது, இண்டிகோவின் விமானங்களையும் 10 சதவீதம் குறைக்கச் சொன்னது. உள்நாட்டில் பறக்கும் 10 பேரில் 6 பேருக்கு மேல் இவர்களிடம்தான் ஏறுகிறோம். அவ்வளவு பெரிய கம்பெனி கையில் உபரி பைலட்டுகளை வைத்திருக்கத்தான் வேண்டும். அந்தச் செலவுக்காக டிக்கெட்டில் கொஞ்சம் கூட்டினாலும் நான் கொடுக்கத் தயார். தூக்கம் கெட்ட பைலட் ஓட்டும் விமானம் எனக்கு வேண்டாம்.

டிக்கெட்டை ஒரு மாதம் முன்னாடியே போட்டுவிடுங்கள். பொங்கல், தீபாவளிக்கு இன்னும் முன்னாடி.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். போன மாதம் செக்கப்புக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு முதல் விமானப் பயணம். 31 வருடம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மேலே ஏறித் திரும்பியதும் கரையோரம் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாகப் பாத்திகள். அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம் என் தொடையைத் தட்டி, "எலேய், அந்தா தெரியுதுல்லா, ரெண்டாவது வாய்க்காலுக்கு அங்கிட்டு. அதுதான் நம்ம அளம்" என்றார்.